கேண்டில்கீப் நூலகத்தில் மூன்றரை வருடம்

கேண்டில்கீப் மிஸ்டரீஸ் புத்தகத்தை நாங்கள் மேசையில் விரித்தது 2022 பெப்ரவரியில். மூன்றரை வருடம் ஓடிவிட்டது, இன்னும் முடிக்கவில்லை. வாங்கிய வாரத்திலேயே எழுதப்பட்ட கருத்துகள் நிறையக் கிடைக்கின்றன, ஆனால் வருடக்கணக்கில் வைத்து ஆடினால் இதில் எது நிற்கும், எது தேயும் என்று தமிழில் யாரும் எழுதி நான் பார்க்கவில்லை. அதனால்தான் இது. கதைகளின் முடிச்சுகளை அவிழ்க்க மாட்டேன், இனி விளையாட இருப்பவர்களும் பயமில்லாமல் வாசிக்கலாம்.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் பழக்கமில்லாதவர்களுக்கு: ஒருவர் கதையை நடத்துவார், அவரை டிஎம் என்போம், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக இருந்து என்ன செய்கிறோம் என்று சொல்வார்கள், அது பலிக்குமா என்பதை 20 முகப் பகடை தீர்மானிக்கும். அந்த விளையாட்டின் ஐந்தாம் பதிப்புக்கு 2021 மார்ச்சில் வந்த துணைநூல் இது. 224 பக்கம், 17 தனிக் கதைகள், வெவ்வேறு எழுத்தாளர்கள், பாத்திரங்களின் பலத்தைக் காட்டும் படியான லெவல் ஒன்றில் தொடங்கி 16 வரை போகும். ஒவ்வொரு கதையும் கேண்டில்கீப் என்ற பெரிய நூலகத்தில் கிடைக்கும் ஒரு புத்தகத்திலிருந்து கிளம்பும். கேண்டில்கீப் கடலோரப் பாறை மேல் நிற்கும் கோட்டை, உள்ளே கோபுரம் கோபுரமாகப் புத்தகங்கள், அவற்றைக் காக்கும் துறவிகள், அலாண்டோ என்ற பழைய தீர்க்கதரிசியின் வாக்குகளை இடைவிடாமல் ஓதிக்கொண்டே இருக்கும் ஒரு கூட்டம்.

எங்கள் பிரதி கனடாவிலிருந்து வந்த உறவினரின் பெட்டியில் வந்தது. அட்டையில் விலை 49.95 அமெரிக்க டொலர், அன்றைய 200 ரூபாக் கணக்கில் பத்தாயிரம். மே மாதத்தில் அதே டொலர் 360 ரூபாவைத் தாண்டியது, அப்போது கேட்டிருந்தால் வேண்டாம் என்று சொல்லியிருப்பேன்.

கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடையில் இருக்கும் ஒரு ஒழுங்கையில்தான் ஆடுகிறோம். நான் டிஎம். தங்கச்சி, வங்கியில் வேலை செய்யும் மச்சான், தெஹிவளையிலிருந்து வரும் நண்பன், தமிழ் படிப்பிக்கும் ஒரு அக்கா, இவர்கள் நால்வரும் ஆட்டக்காரர்கள். எல்லாருக்கும் ஒரே நேரத்தில் லீவு கிடைப்பது போயா என்ற பௌர்ணமி விடுமுறை நாளில் மட்டும், ஆகவே மாதம் ஒரு தடவை. 2022 மார்ச் 31 அன்று 13 மணி நேரம் மின்வெட்டு அறிவித்த அந்தக் காலத்திலும் கூடினோம். மெழுகுதிரி இரண்டு, மடித்த இடங்களில் இன்னும் கிழியாத கோட்டை வரைபடம், ஜன்னலைத் திறந்தால் கடல் இரைச்சல். அந்த ராத்திரிகளில் இந்தப் புத்தகம் எங்களுக்கு எவ்வளவு பெரிய துணையாக இருந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு குறை சொல்லும்போது அதையும் சேர்த்து நிறுத்துப் பாருங்கள்.

இந்தப் புத்தகத்தின் மிகப் பெரிய சொத்து அதன் வாசல். கேண்டில்கீப்புக்குள் நுழையக் காசு எடுபடாது, ஒரு புத்தகம் கொடுக்க வேண்டும், அதுவும் அந்த நூலகத்தில் ஏற்கெனவே இல்லாத புத்தகமாக இருக்க வேண்டும். இவ்வளவுதான் விதி. புத்தகத்தில் இதற்குப் பெரிய இடம் ஒதுக்கவில்லை, பல டிஎம்கள் இதை ஒரு வரியில் கடந்துவிடுவார்கள் என்று நினைக்கிறேன். நான் முதல் நாள் முழுவதையும் அந்த வாசலிலேயே செலவழித்தேன். காவலர் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, என்ன கொண்டு வந்தாய், யார் எழுதியது, இது ஏன் வேறெங்கும் இல்லை என்று கேட்பார், பதில் உடனே சொல்ல வேண்டும், எழுதி வைத்துக்கொண்டு வரக்கூடாது.

மச்சான் தன் பாட்டி கைப்பட எழுதிய கஷாயக் குறிப்பு என்றார். தங்கச்சி ஒரு கப்பலின் கணக்குப் புத்தகம் என்றாள், கடைசிப் பக்கம் ஈரம் என்றாள். அக்காவின் முறை வந்தபோது தன் பாத்திரத்திடம் ஒரே ஒரு ஓலைதான் இருக்கிறது என்றார், எரிந்த நூலகம் ஒன்றிலிருந்து மிஞ்சியது, என்ன எழுதியிருக்கிறது என்று இன்னும் முழுதாக வாசிக்க முடியவில்லை. மேசையில் யாரும் கதைக்கவில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் அவற்றோடு திரும்பக் கிடைக்காத ஏடுகளும் போயின, அக்காவின் அப்பா மாணவராக இருந்த காலத்தில் அங்கே போய்ப் பத்திரிகை வாசித்தவர். அதை அவர் அன்று மேசையில் சொல்லவில்லை, சாப்பாட்டுக்குப் பிறகு சொன்னார். காவலர் அந்த ஓலையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார் என்று மட்டும் நான் சொன்னேன். பகடை உருட்டவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் ஆட்டத்தின் வழி மாறிவிட்டது. அதே நேரத்தில் புத்தகத்தின் பெரிய குறையும் அங்கேதான் எனக்குத் தெரிந்தது.

நூலகத்தைப் பற்றிய அறிமுகம் முன்பக்கத்தில் சில பக்கங்கள்தான். யார் யார் தலைமைத் துறவிகள், எங்கே தங்கலாம், எங்கே சாப்பிடலாம், உள்வாசல் எது, நிலத்துக்கு அடியில் காவல் இருக்கும் மிரிம் என்ற வெள்ளி டிராகனின் ஆவி, இவ்வளவும் இருக்கிறது, நன்றாகவும் எழுதியிருக்கிறார்கள். ஆனால் ஒரு புத்தகத்தைத் தேடிப் போனால் என்ன நடக்கும், யார் எடுத்துத் தருவார், பிரதி எழுத எத்தனை நாள், பூச்சி அரித்தால் என்ன செய்வார்கள் என்று ஒரு நூலகத்தின் அன்றாடத்தைக் கேட்டால் பதில் குறைவு. கதைகளிலும் பெரும்பாலானவை புத்தகத்தைத் திறந்ததும் ஆட்களை வெளியே கூட்டிக்கொண்டு போய்விடுகின்றன, சுரங்க ஊர், தொலைவில் ஒரு மாளிகை, காடு என்று. பெரிய நூலகம் ஒன்றில் வாழலாம் என்று வாங்கினவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கும், எனக்கும் இருந்தது.

சரி, இல்லாததை நாங்களே கட்டினோம். எங்கள் கேண்டில்கீப்பில் ஏட்டு அறை ஒன்று உண்டு. அங்கே இளம் துறவிகள் ஓலைக்கு எண்ணெய் பூசுவார்கள், எழுத்து மங்கினால் கரி தேய்த்துத் தெளிய வைப்பார்கள், நம் ஊரில் உண்மையாகவே செய்ததுதான். அதற்குப் பக்கத்தில் இன்னோர் அறை, அழிந்துபோன நூல்களை மனப்பாடமாக வைத்திருப்பவர்கள் வந்து சொல்லச் சொல்ல எழுதும் அறை. சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை ஏடு தேடி அலைந்து அவற்றை அச்சில் ஏற்றிய கதையைப் பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம், அந்த நினைப்பில் ஊர் ஊராக ஏடு தேடும் கிழவர் ஒருவரை உருவாக்கினேன், இப்போது புத்தகத்தில் உள்ள எந்தத் துறவியையும் விட அவரைத்தான் எல்லாருக்கும் பிடிக்கும். "நூலகம்" (noolaham.org) என்ற இணையத்தளத்தில் இருக்கும் பழைய மலர்களின் முகப்புகளை அச்செடுத்து, தேயிலைச் சாயத்தில் நனைத்துக் காயவைத்து மேசையில் வைப்பேன். குறிப்பு எழுத வேண்டியபோது 57ஆம் ஒழுங்கையில் தமிழ்ச் சங்க நூலகத்துக்குப் போய் உட்காருவேன், 1942இல் தொடங்கிய சங்கம் அது. கற்பனை நூலகம் ஒன்றை நடத்துபவர் உண்மையான நூலகத்தில் இருந்து எழுதினால் எழுத்து வேறாக வருகிறது, இதை எல்லா டிஎம்களுக்கும் சொல்வேன்.

கதைகளுக்கு வருகிறேன். இதுவரை பதினொன்று ஆடியிருக்கிறோம், தரம் ஒரே சீராக இல்லை. முதல் கதை தொடக்கக்காரர்களுக்கு மிகவும் நல்லது. காணாமல் போன ஓர் அறிஞரைத் தேடிப் போய், வேறொரு வெளியில் இருக்கும் மாளிகைக்குள் மாட்டிக்கொள்வார்கள், வெளியே வர ஒரு சொல் தேவை, அதன் எழுத்துகள் மாளிகைக்குள் சிதறிக் கிடக்கும். அது ஆங்கிலச் சொல். நான் அதை விட்டுவிட்டு "திறவுகோல்" என்று வைத்தேன், தி, ற, வு, கோ, ல், ஐந்து எழுத்து. ஆங்கிலத்தில் எழுத்துகளை மாற்றி மாற்றி அடுக்கிப் பார்க்க வேண்டும், தமிழில் இலக்கணமே வழிகாட்டிவிட்டது. ல் சொல்லுக்கு முதலில் வராது, ற வராது, வு வராது, மிச்சம் இரண்டுதான் என்று அக்கா விரல் மடக்கிச் சொல்லச் சொல்ல மற்ற மூன்று பேரும் எழும்பி நின்றுவிட்டார்கள். டிஎம்மாக எனக்குக் கிடைத்த மிகச் சந்தோஷமான ஐந்து நிமிடம் அது.

எங்களை அதிகம் உலுக்கியது ஷெம்ஷைம் பாட்டுக் கதை. நூலகத்தின் நிலவறையில் முன்பின் தெரியாதவர்களோடு அடைத்துவிடுவார்கள், தொற்று என்று சொல்லி வெளியே விட மாட்டார்கள், ஒரு குழந்தைப் பாட்டு வாயில் ஒட்டிக்கொண்டு ஆளுக்கு ஆள் பரவும். முழுக்க முழுக்க நூலகத்துக்குள்ளேயே நடப்பதால் எனக்கு இது இன்னும் பிடிக்கும். 2020 மார்ச் ஊரடங்கில் ஒரே அறையில் நாலு பேர் இருந்தவர்களுக்கு இந்தக் கதையை விளக்க வேண்டிய தேவையே இல்லை, யார் எவ்வளவு சாப்பிட்டார்கள் என்று அவர்களே சண்டை பிடிக்கத் தொடங்கினார்கள். பாட்டை மட்டும் மொழிபெயர்க்கக்கூடாது. நான் ஒரு தாலாட்டு மெட்டில் சொந்தமாக நாலு வரி எழுதினேன், அக்காவின் மகள் அதை இரண்டு கிழமை அடுப்படியில் முணுமுணுத்துத் திரிந்தாள்.

கோபுரம் ஒன்று வானில் கிளம்பப் பார்க்கும் ஒன்பதாம் லெவல் கதை விறுவிறுப்பானது, ஆனால் அதன் ஆங்கிலத் தலைப்பில் சி வரவேண்டிய இடங்களில் கே போட்டு விளையாடியிருக்கிறார்கள், தமிழில் இரண்டும் க தான், அந்த விளையாட்டு வழியிலேயே காணாமல் போய்விட்டது. அண்டங்காக்கை (ரேவன்) கதை மெதுவானது, சண்டை குறைவு, எங்களுக்குப் பிடித்தது, தெஹிவளை நண்பனுக்கு மட்டும் பிடிக்கவில்லை.

நடைமுறையில் தெரிந்துகொள்ள வேண்டியவை சில. உரத்து வாசிக்கச் சொல்லும் பகுதிகளை அப்படியே பார்த்து மொழிபெயர்த்துக்கொண்டு போனால் மேசை தூங்கிவிடும், முதல் நாளே ஒரு சி.ஆர். கொப்பியில் (கெட்டி அட்டை நோட்டுப் புத்தகத்தில்) உங்கள் தமிழில் எழுதிக்கொள்ளுங்கள், ஒரு கதைக்கு எனக்கு இரண்டு மாலை போதும். கதைகள் பெரும்பாலும் ஒரு லெவலுக்கு ஒன்றாக ஏறிப் போகின்றன, ஒன்றைத் தவிர்த்தால் அடுத்ததுக்கு ஆட்கள் பலவீனமாக இருப்பார்கள், ஆகவே ஒவ்வொரு கதை முடிவிலும் கணக்குப் பார்க்காமல் லெவல் கொடுத்துவிடுங்கள். ஒரே இருப்பில் முடியலாம் என்ற நம்பிக்கையில் உட்காராதீர்கள், எங்களுக்குச் சில கதைகள் நாலு போயா எடுத்தன. 2024இல் புதிய விதிநூல் வந்தது, நாங்கள் பழைய விதிகளிலேயே தொடர்கிறோம், ஒரு தொல்லையும் இல்லை. வரைபடம் மடிப்பில் கிழிந்து இப்போது டேப்பில் நிற்கிறது, வாங்கியவுடன் லேமினேட் பண்ணிவிடுங்கள்.

தனித்தனிக் கதைகள் தேடுபவர்கள் யோசிக்காமல் வாங்கலாம். முழு நூலகத்தையும் யாரோ கட்டி வைத்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்கள் இதோடு நிறுத்த முடியாது, மிச்சத்தை எழுத நேரம் வேண்டும். எனக்கு அந்த நேரத்தைக் கொடுத்ததில் ஒரு துளி வருத்தமும் இல்லை.

வாசலில் கொடுத்த புத்தகங்களின் பெயர்களை அதே சி.ஆர். கொப்பியின் பின்பக்கத்தில் எழுதி வருகிறேன். நூலகத்தை விட்டு வெளியே போய்த் திரும்பும் ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒன்று கொடுக்க வேண்டும் என்பது நாங்களே சேர்த்துக்கொண்ட விதி. போன போயாவுக்கு மச்சானின் மகன் முதல் தடவையாக வந்து உட்கார்ந்தான், பத்து வயது. காவலர் கேட்டார், என்ன கொண்டு வந்தாய்? கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, எங்கள் ஒழுங்கையில் இருக்கிற எல்லா நாய்களின் பெயரும் எழுதிய புத்தகம் என்றான். வேறெங்கும் இல்லையா என்று கேட்டார். நான்தானே எழுதினேன் என்றான். 41ஆவது வரியில் அது இருக்கிறது.