நைஸ்னா துராக்கோவா, நரினா ட்ரோகனா?

தென்னாப்பிரிக்காவின் கார்டன் ரூட் காடுகளில் பச்சையும் சிவப்புமாக இரண்டு பறவைகள் உண்டு. ஒன்று நைஸ்னா துராக்கோ. உள்ளூரில் லூரி என்பார்கள். மற்றொன்று நரினா ட்ரோகன். மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழும் தீக்காக்கையின் குடும்பம். இரண்டே நாள் கையில் இருந்தால் முதலில் எதைத் தேடுவது? துராக்கோவைத்தான் என்பேன். படம் மட்டும் போதும் என்பவருக்கு என் பதில் வேறு.

துராக்கோவைக் காண்பது கடினமில்லை. வைல்டர்னஸ் பகுதியில் ஆற்றையொட்டிய காட்டுப் பாதைகளில், தொண்டை கரகரக்கும் அதன் குரல் காலையிலேயே கேட்டுவிடும். பழம் பழுத்த மரத்தடியில் காத்திருந்தால் போதும். கிளையின் மேல் அணில்போல ஓடும், தாவும், இலைக்குள் மறையும், வேறெங்கோ தலை நீட்டும். கொண்டையின் நுனியில் வெள்ளை விளிம்பு, கண்ணைச் சுற்றிச் சிவப்பு வளையம், அதன் மேலும் கீழும் வெள்ளைக் கோடு. அமர்ந்திருக்கும்வரை அது பச்சைப் பறவைதான். அடுத்த மரத்துக்குப் போகச் சிறகை விரிக்கும்போதுதான் உள்ளே மடித்து வைத்திருந்த குங்குமச் சிவப்பு வெளிப்படுகிறது.

சிக்கலும் அங்கேதான். அந்தச் சிறகை உறைய வைக்க 1/2000 நொடி ஷட்டர் வேகம் வேண்டும். காட்டு நிழலோ 1/250-க்கே திணறும். ஆகவே மரத்தின் அடியை விட்டு, இரண்டு மரங்களுக்கு நடுவே வானம் தெரியும் இடைவெளியைத் தேர்ந்தெடுங்கள். ஆற்றின் குறுக்கே பறக்கும் வழி கிடைத்தால் இன்னும் நல்லது. கேமராவின் ஒளியுணர் அளவான ஐஎஸ்ஓவை 6400 வரை ஏற்றத் தயங்க வேண்டாம். படத்தில் புள்ளி விழுந்தாலும் அந்தச் சிவப்பு கிடைத்துவிடும்.

அந்தச் சிவப்புக்காகவே நான் துராக்கோவின் பக்கம். துராசின் என்ற அந்த நிறமியில் செம்பு கலந்திருப்பதை ஆங்கில வேதியியலாளர் ஆர்தர் ஹெர்பர்ட் சர்ச் 1869-இல் வெளியிட்டார். துராக்கோ குடும்பத்துக்கே உரிய நிறமி அது; காரத்தன்மையுள்ள நீரில் கரையும் தன்மையும் உண்டு. உடலின் பச்சையும் அப்படியே, துராகோவெர்டின் என்ற செம்பு நிறமி. பெரும்பாலான பறவைகளின் பச்சை, இறகின் நுண்ணமைப்பில் ஒளி சிதறுவதால் தோன்றுவது. பச்சை நிறமியே உள்ள பறவைகள் மிகச் சில. ஒரே பறவையிடம் இவ்வளவு பாடம் கிடைக்கும்போது, மங்கிய படத்தைப் பற்றி எனக்கு வருத்தம் இருப்பதில்லை.

ட்ரோகன் நேர் எதிர். பூச்சி பிடிக்க இடைமட்டக் கிளையில் நிமிர்ந்து அமர்ந்தால் நெடுநேரம் அசையாது. கேமராவைத் தாங்கும் முக்காலி இருந்தால் 1/60 நொடியில்கூட இறகு இறகாகப் பதிவாகும். ஆனால் கண்ணில் படுவதற்கே ஒரு காலைப்பொழுது போய்விடலாம். ஆளைக் கண்டதும் சிவந்த வயிற்றை மறைத்து முதுகைக் காட்டிவிடும். அந்த முதுகும் இலைப் பச்சை. அதன் பச்சை இறகின் நுண்ணமைப்பால் வருவது, கோணம் மாறினால் நீலச் சாயல் ஏறும். பாதையில் இரண்டடி நகர்ந்து பார்த்தாலே வேறு படம். இனப்பெருக்கக் காலத்தில் ஆண் தாழ்ந்த குரலில் திரும்பத் திரும்பக் கூவும். பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டு அதை வரவழைப்பவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து செய்யாதீர்கள். அது போட்டிப் பறவையின் குரல் என்று எண்ணி எல்லையைக் காக்க வந்த பறவை கூட்டை விட்டு வந்திருக்கிறது.

மூன்றாவது வழி, பிளட்டன்பெர்க் விரிகுடா அருகில் உள்ள பேர்ட்ஸ் ஆஃப் ஈடன் பறவையகம். 2.3 ஹெக்டேர் காட்டின் மேல் வலை போர்த்தியிருக்கிறார்கள். துராக்கோவின் முகத்தை நிதானமாகப் பார்த்துப் பழகலாம். அங்கே எடுத்த படத்தின் கீழ் பறவையகத்தில் எடுத்தது என்று எழுதிவிட வேண்டும்.

முதல் நாள் காலை ஆற்றங்கரையில் துராக்கோ. மறுநாள் முக்காலியோடு ட்ரோகனுக்கு. குரல் வந்த திசையில் கால் மணி நேரம் அசையாமல் நில்லுங்கள். இலை என்று நினைத்த ஒன்று மெல்லத் தலையைத் திருப்பும்.