தொட்டிக் கருவிக்கு 8 பிட்டா, 32 பிட்டா?

தொட்டி நிறைந்ததும் மோட்டாரை நிறுத்தும் கருவி ஒன்றை நானே செய்தேன். முதலில் 32 பிட் எஸ்டிஎம்32எஃப்103 என்ற மைக்ரோகன்ட்ரோலர் (நிரல் ஏற்றி ஓட்டும் குட்டிக் கணினிச் சிப்) இருக்கும் போர்டில். சிப் ஒரே மூச்சில் கையாளும் எண்ணின் அளவுதான் இந்த பிட் கணக்கு. ஒரு வருடம் கழித்து அதைக் கழற்றிவிட்டு 8 பிட் ஏடிடைனி85-க்கு மாறினேன். இந்த மாதிரி எளிய வேலைக்கு என் ஓட்டு 8 பிட்டுக்குத்தான்.

வேகத்தைப் பற்றி ரொம்பப் பேச வேண்டியதில்லை. முன்னது 72 மெகாஹெர்ட்ஸ் வரை ஓடும். பின்னது வாங்கும்போது 1 மெகாஹெர்ட்ஸில் ஓடும். தண்ணீர் ஏறுவதைக் கவனிக்க அதுவே தாராளம். விலையும் காரணமில்லை, 32 பிட் சிப்புகளும் இப்போது மலிவுதான்.

என்னை மாற வைத்தது பராமரிப்பு. இப்படிப்பட்ட பெட்டியைச் சுவரில் மாட்டிவிட்டால் அப்புறம் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஏதாவது மாற்ற வேண்டி வரும்போது, எழுதிய கோடு (நிரல்) நமக்கே மறந்திருக்கும். எனக்கு அப்படித்தான் ஆயிற்று. பழைய போர்டில் ஒரு பஸர் சேர்க்க உட்கார்ந்தேன். பஸர் மாட்டிய பின்னை, அதாவது சிப்பின் காலை, அவுட்புட்டாக மாற்றியும் சத்தமே வரவில்லை. எந்த எரரும் காட்டவில்லை. அந்தச் சிப்பில் ஒவ்வொரு போர்ட்டுக்கும் (பின்களின் தொகுதி) முதலில் கிளாக்கை (அதை இயக்கும் துடிப்பு) திறந்துவிட வேண்டும், நான் மறந்திருந்தேன். ஆயிரம் பக்கத்தைத் தாண்டும் கையேட்டில் அதைத் தேடிப் பிடிப்பதற்குள் அரை நாள் போய்விட்டது.

ஏடிடைனியில் அதே வேலைக்கு ஒரு ரெஜிஸ்டரில் (சிப்புக்குள் அமைப்புகளை எழுதும் இடம்) திசை, இன்னொன்றில் மதிப்பு. அவ்வளவுதான். டேட்டாஷீட் இருநூற்றுச் சொச்சம் பக்கம். தேவையானதை ஒரே மாலையில் படித்துவிடலாம். 8 கால்களில் மின்சாரத்துக்கு 2, ரீசெட்டுக்கு 1 போக மீதி 5. இரண்டு மிதவை சுவிட்ச், ஒரு ரிலே, ஒரு எல்இடி, ஒரு பஸர் என்று கணக்கு சரியாக இருந்தது. ரிலேயின் 5 வோல்ட்டிலேயே சிப்பும் ஓடுகிறது.

பழுது பார்ப்பதும் சுலபம். சிப் சாக்கெட்டில் உட்கார்ந்திருக்கிறது. கோடு ஏற்றிய உபரிச் சிப் ஒன்றைப் பெட்டியின் மூடிக்குள் டேப் போட்டு ஒட்டி வைத்திருக்கிறேன். பழையதை ஸ்க்ரூடிரைவரால் நெம்பி எடுத்து, பள்ளம் இருக்கும் பக்கம் பார்த்துப் புதியதை அழுத்தினால் வேலை முடிந்தது. எஸ்டிஎம்32 போர்டையும் சாக்கெட்டில் மாட்டலாம்தான். ஆனால் பார்க்க ஒரே மாதிரி இருக்கும் போர்டுகளில் உள்ளே வேறு சிப் இருப்பதுண்டு.

8 பிட்டில் ஒரு இடத்தில் நன்றாக அடிபட்டேன். இன்னொரு கருவியில் தண்ணீர் மீட்டரின் துடிப்புகளை 16 பிட் எண்ணில் எண்ணினேன். 255-ஐ அடுத்து திடீரென 511 வந்தது. சிப் அந்த எண்ணை இரண்டு பைட்டாகத்தான் (ஒரு பைட் 8 பிட்) படிக்கும். கீழ் பைட்டைப் படித்து முடித்த நொடியில் இன்டரப்ட் (அடுத்த துடிப்பை எண்ண, ஓடும் வேலையை இடைமறிப்பது) வந்து எண்ணை 256 ஆக்கிவிட, மேல் பைட் புதியதாக வந்து ஒட்டிக்கொண்டது: 255 + 256 = 511. படிக்கும்போது இன்டரப்ட்டை நிறுத்தி வைத்துச் சரிசெய்தேன். 32 பிட்டில் இதே எண்ணை ஒரே மூச்சில் படித்துவிடலாம்.

புதிய கருவி ஓடுவது மூன்று வருடமாகத்தான். பத்து வருடம் தாங்கும் என்று என் அனுபவத்தை வைத்துச் சொல்ல முடியாது. பேட்டரியில் ஓடும் கருவிகளையும் நான் செய்து பார்த்ததில்லை. தொட்டியின் அளவை போனில் பார்க்க வேண்டுமென்றால் வைஃபை உள்ளே இருக்கும் 32 பிட் ஈஎஸ்பி32-ஐ எடுங்கள். ஏடிடைனி85-இன் 512 பைட் ரேமில் (தற்காலிக நினைவகம்) அதைத் திணிக்க முயல வேண்டாம்.