தலையை விட்டுப் பாதத்தில் தொடங்குங்கள்: மைக்ரேன் பிள்ளைகளுக்கான இணைய வகுப்பு

பெங்களூருவிலிருந்து தமிழில் நடக்கும் இந்த மனக்கவன வகுப்பு (மூச்சையும் உடலையும் கவனிக்கப் பழக்கும் 'மைண்ட்ஃபுல்னெஸ்'), அடிக்கடி மைக்ரேன் என்ற ஒற்றைத் தலைவலி வரும் 13 முதல் 18 வயதுப் பிள்ளைகளுக்கானது. வாரம் ஒருமுறை 45 நிமிட நேரலை, தினமும் 12 நிமிட ஆடியோ, மொத்தம் 8 வாரம். 1979-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் ஜான் கபாட்-சின் தொடங்கிய 8 வாரப் பயிற்சிதான் இதற்கு மூலம். அங்கே ஒரு அமர்வே இரண்டரை மணி நேரம். டியூஷன் முடிந்து ஏழரைக்கு வீடு சேரும் பி.யு. (பிளஸ் 1, பிளஸ் 2) மாணவிக்கு அது ஆகிற காரியமா? சுருக்கியது சரிதான்.

ஆடியோ அருமை. அல்சூர், ஸ்ரீராமபுரம் பக்கத்துப் பிள்ளைகள் பலருக்குத் தமிழ் காதுக்குப் புரியும், வாசிக்கத்தான் வராது. "மூச்சு மூக்கு நுனியில படுது பாரு" என்று பேச்சுவாக்கில் சொல்வது ஒட்டிக்கொள்கிறது. கூடத் தரும் பி.டி.எஃப். மட்டும் செந்தமிழ், அம்மா அப்பாதான் படிக்க வேண்டும்.

உடலைப் பகுதி பகுதியாகக் கவனிக்கும் ஆடியோவில்தான் கோளாறு. நெற்றியில் தொடங்குகிறார்கள். நெற்றிப்பொட்டு விண்விண்ணென்று தெறிக்கும்போது கவனம் அங்கேயே மாட்டிக்கொள்ளும். முதல் மூன்று நிமிடத்தைத் தள்ளிவிட்டு, பாதத்திலிருந்து கேட்க வையுங்கள். தலை கடைசியில் வரட்டும். மூச்சையும் வேகவேகமாக இழுத்து விட வேண்டாம், தலைசுற்றும், விரல் மரத்துப்போகும்.

நேரலையில் கேமரா கட்டாயம் என்கிறார்கள். வெளிச்சம் ஆகாத பிள்ளைக்கு இது என்ன நியாயமோ! சொன்னால் விட்டுவிடுகிறார்கள். போனைக் கவிழ்த்து வைத்து, படுத்தபடி கேட்டாலே போதும்.

பழக வேண்டியது வலியில்லாத நாளில். வலி கிளம்பிய பிறகு "முதல்ல மூச்சு, அப்புறம் மாத்திரை" என்று இழுத்தால் மாத்திரை சரியாகக் கேட்காது. ஆனால் கணக்கு வேண்டும்: பாராசிட்டமால், ஐபுபுரூஃபன் மாதம் 15 நாள், மைக்ரேனுக்கென்றே தரும் டிரிப்டான் வகை மாத்திரை 10 நாள் என்று மூன்று மாதம் தாண்டினால் மாத்திரையே தலைவலியை வளர்க்கும். வகுப்பு தரும் டைரியில் தேதி, எத்தனை மணி நேரம், 0–10 வலி எல்லாம் உண்டு, மாத்திரைக்குக் கட்டம் இல்லை. ஓரத்தில் நீங்களே கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

மருந்தே போதாதா என்பவர்களுக்கு: 2017-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், 8 முதல் 17 வயதினரிடம் மைக்ரேன் வராமல் தடுக்கத் தரும் அமிட்ரிப்டிலினும் டோபிரமேட்டும் மருந்தில்லாத வெற்று மாத்திரையை மிஞ்சவில்லை. அதற்காக டாக்டர் எழுதியதை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

பெரிய குறை, சேர்க்கைப் படிவத்தில். தூக்கத்தில் எழுப்பும் தலைவலி, விடியற்கால வாந்தி, இரட்டைப் பார்வை, கை கால் பலவீனம் பற்றி ஒரு கேள்விகூட இல்லை. இதில் ஒன்று இருந்தாலும் முதலில் பெங்களூரு நிம்ஹான்ஸ் போன்ற நரம்பியல் மருத்துவமனையில் காட்டுங்கள், வகுப்பு அப்புறம்.