பெனிசிலினையும் அஃப்ளாடாக்சினையும் தனித்தனியே வைத்த ஒரு பாடத்தொடர்

பூஞ்சைகளின் நொதிகள் நச்சுப்பொருள்களையும் நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துகளையும் எவ்வாறு உருவாக்குகின்றன என்பதை விளக்கும் இணையவழிப் பாடத்தொடர் ஒன்றை அண்மையில் முழுமையாகப் பார்த்து முடித்தேன். பள்ளி வேதியியல் நினைவிலிருந்தால் போதும் என்று அறிமுகத்தில் சொல்கிறார்கள். முதற்பாதிக்கு அது உண்மை, பிற்பாதிக்கு அன்று.

தொடரின் சிறந்த பகுதி பெனிசிலின் பற்றியது. 1928-இல் ஃபிளெமிங் பெனிசிலினைக் கண்டறிந்ததைச் சில நிமிடங்களில் கடந்துவிட்டு, நேரே பூஞ்சையின் உயிரணுவுக்குள் அழைத்துச் செல்கிறார்கள். அமினோஅடிப்பிக் அமிலம், சிஸ்டீன், வாலின் ஆகிய மூன்றையும் வழக்கமாகப் புரதம் கட்டும் ரைபோசோமின் உதவியின்றி ஒரே பெரிய நொதி கோக்கிறது. கோக்கும்போதே வாலினை அதன் ஆடிப்பிம்ப வடிவத்துக்கு மாற்றியும் விடுகிறது. அடுத்து வரும் ஐசோபெனிசிலின் என் சிந்தேஸ் என்ற நொதி, ஓர் இரும்பு அணுவையும் ஓர் ஆக்சிஜன் மூலக்கூறையும் கொண்டு, அந்தச் சங்கிலியிலிருந்து நான்கு ஹைட்ரஜன் அணுக்களைக் கழற்றி, நான்கு அணு வளையம் ஒன்றையும் ஐந்து அணு வளையம் ஒன்றையும் ஒரே வினையில் மூடுகிறது, மிஞ்சுவது தண்ணீர். வேதியியலாளர்கள் பெனிசிலினை ஆய்வகத்தில் முழுமையாகத் தொகுக்க 1957 வரை காத்திருக்க வேண்டியிருந்தது என்பதை அறிந்தவர்கள் இந்த அசைபடத்தை இரண்டாம் முறையும் ஓட்டிப் பார்ப்பார்கள். நான் மூன்று முறை பார்த்தேன். இறுக்கத்தில் நிற்கும் அந்த நான்கு அணு வளையமே பாக்டீரியாவின் சுவர் கட்டும் நொதியோடு பிணைந்து அதை முடக்குகிறது என்பதையும் தெளிவாகக் காட்டியிருக்கிறார்கள்.

பூஞ்சை நஞ்சான அஃப்ளாடாக்சின் பற்றிய பகுதியில் இந்த நிதானம் இல்லை. 1960-இல் இங்கிலாந்தில் பூஞ்சை பிடித்த நிலக்கடலைப் பிண்ணாக்கைத் தின்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் இறந்ததை விரிவாகச் சொல்கிறார்கள். ஆனால் கொழுப்பமிலம் கட்டும் முறையையொத்த வழியில் இரண்டிரண்டு கார்பன்களாகச் சேர்க்கும் நொதியையும், அதைத் தொடரும் இருபதுக்கு மேற்பட்ட வினைகளையும் ஒரே படத்தில் பொடி எழுத்துகளில் அடைத்துவிட்டார்கள். அஃப்ளாடாக்சின் பி1-ஐ மரபணுவைத் தாக்கும் வடிவுக்கு மாற்றுவது நம் கல்லீரலிலுள்ள நொதி என்ற செய்தி எங்கும் இல்லை. பூஞ்சை தொடங்கிய வேலையை நாமே முடித்துக்கொடுக்கிறோம் என்பதை எப்படி விட்டார்களோ!

என் முதன்மையான குறை பகுப்பு முறையைப் பற்றியது. மருந்துகளுக்கு ஒரு பகுதி, நஞ்சுகளுக்கு வேறொரு பகுதி என்று பிரித்தது மனிதப் பயன்பாட்டை வைத்துச் செய்த பிரிவு. பூஞ்சைக்கு அப்படியொரு கணக்கு கிடையாது. ஆஸ்பெர்ஜில்லஸ் நிடுலன்ஸ் என்ற ஒரே பூஞ்சை பெனிசிலினையும், அஃப்ளாடாக்சினுக்கு முந்தைய படியான ஸ்டெரிக்மாடோசிஸ்டினையும் சேர்த்தே உருவாக்குகிறது. இரண்டின் மரபணுத் தொகுதிகளையும் இயக்கும் லே-ஏ என்ற புரதம் 2004-இல் விவரிக்கப்பட்டது. அதன் மரபணுவை நீக்கினால் இரண்டுமே பாதிக்கப்படுகின்றன. இந்தப் பூஞ்சையைப் பற்றித் தொடரில் ஒரு சொல்கூட இல்லை.

பாட இறுதி வினாக்கள் நொதிப் பெயர்களை மட்டுமே கேட்கின்றன, அவற்றைத் தவிர்க்கலாம். பார்க்க விரும்புவோர் நஞ்சுப் பகுதியை முதலில் பார்த்துவிட்டுப் பெனிசிலினுக்கு வருவது நல்லது. அவசரமாகச் சொல்லப்பட்டதை மனத்தில் வைத்துக்கொண்டு நிதானமாகச் சொல்லப்பட்டதைப் பார்த்தால், விடுபட்ட படிகளில் சிலவற்றை நாமே ஊகித்துக்கொள்ள முடிகிறது.