என் சாமானையே எனக்கு 1,40,000 ரூபாய்க்கு விற்றார்கள்

தலைப்பில் மிகை எதுவும் இல்லை. கோவையில் ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் எஞ்சினுக்குள் காற்றைத் தள்ளும் சூப்பர்சார்ஜர் என்ற பாகத்தை என் காரிலிருந்து கழற்றி, கழுவி, வெள்ளிப் பெயின்ட் அடித்து, "ரீகண்டிஷன் யூனிட் சார், வெளியூரிலிருந்து வரவழைத்தது" என்று சொல்லி அதையே மாட்டிக் கொடுத்தார்கள். கடையின் பெயரை இப்போது போட மாட்டேன். விவகாரம் நுகர்வோர் ஆணையத்தில் இருக்கிறது. நடந்ததை மட்டும் எழுதுகிறேன். மலையில் பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு உதவும்.

வண்டி 2005 மாடல் பென்ஸ் சி 200 கொம்ப்ரஸர். பென்ஸ் என்றதும் பணக்காரன் என்று நினைக்க வேண்டாம். மச்சான் ஓட்டிச் சலித்த பிறகு 2019இல் ஒரு புது ஆல்டோவை விடக் குறைந்த விலைக்கு எனக்குத் தள்ளிவிட்டார். நான் குன்னூரில் ஒரு டீ ஃபேக்டரியில் கணக்கு பார்ப்பவன். டிக்கியில் எழுதியிருக்கும் "கொம்ப்ரஸர்" என்ற ஜெர்மன் சொல் சூப்பர்சார்ஜரைத்தான் குறிக்கிறது. ஏ.சி. கம்ப்ரஸருக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. இதைச் சொல்லக் காரணம் உண்டு. சத்தம் வந்ததும் முதலில் பார்த்த உள்ளூர்ப் பையன் ஏ.சி. கம்ப்ரஸரைத்தான் அரை மணி நேரம் தட்டிக்கொண்டிருந்தான். குளிரில் ஏ.சி. போடுகிற ஆள் குன்னூரில் யார் இருக்கிறார்கள்?

எம்271 என்கிற அந்த 1.8 லிட்டர் பெட்ரோல் எஞ்சினின் பக்கத்தில் ஈட்டன் எம்45 சூப்பர்சார்ஜர் உட்கார்ந்திருக்கும். உள்ளே முறுக்கிய இரண்டு ரோட்டர்கள் எதிரெதிராகச் சுற்றி, சுற்று ஒன்றுக்கு ஏறத்தாழ முக்கால் லிட்டர் காற்றை எஞ்சினுக்குள் தள்ளும். டர்போ புகைக்காற்றின் வேகத்தில் சுற்றும். இது கிராங்கிலிருந்து வரும் பெல்ட்டில் சுற்றும். எங்கள் ஃபேக்டரியில் டீ இலையை அரைக்கும் சி.டி.சி. ரோலர்களைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். ஒரே வித்தியாசம், சி.டி.சி.யில் பல்லும் பல்லும் இலையைக் கிழிக்க வேண்டும். இங்கே ரோட்டர்கள் ஒன்றையொன்று தொடவே கூடாது. தொடாமல் வைத்திருப்பது முன்பக்கத்தில் இருக்கும் இரண்டு பல்சக்கரங்கள். அவற்றுக்குத் தனி எண்ணெய் உண்டு. எஞ்சின் ஆயிலுக்கும் அதற்கும் தொடர்பு கிடையாது.

டிசம்பரில் ஒரு காலை ஸ்டார்ட் செய்ததும் கடகடவென்று ஒரு சத்தம். ரோலரில் கூழாங்கல் மாட்டினால் வருமே, அது மாதிரி. ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் மிதித்தால் மறைந்துவிடும். சிக்னலில் நின்றால் திரும்ப வரும். கூடவே மெல்லிய ஒரு கீச்சல் வேறு. வண்டியின் இழுவையில் எந்தக் குறையும் இல்லை. டேஷ்போர்டில் விளக்கும் எரியவில்லை.

வழக்கமாக வண்டி பார்ப்பவர் குன்னூரில் பெட்ஃபோர்டு பக்கம் ஷெட் வைத்திருக்கும் பாய். அப்போது அவருக்குக் கண் ஆபரேஷன், ஒரு மாதம் வேலை கூடாது என்று உட்கார வைத்திருந்தார்கள். "பென்ஸை ஷெட்டில் விடுவாயா, கோவைக்குக் கொண்டு போ" என்று மச்சானும் ஏற்றிவிட்டார். நானும் போனேன்.

உள்ளே நுழைந்ததும் ஏ.சி. அறை, காபி, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வெள்ளை டைல்ஸ். வண்டியில் ஸ்கேனரைச் சொருகி இரண்டு பக்கம் பிரின்ட் எடுத்துக் கையில் கொடுத்தார்கள். அதில் இருந்தது காற்றளவு சென்சார் பற்றிய ஒரு பழைய பிழைக் குறியீடு மட்டும்தான். ஸ்கேனருக்குச் சத்தம் கேட்காது. சென்சார்கள் சொல்வதை மட்டும்தான் அது படிக்கும். பேரிங்கில் சென்சார் கிடையாது. இது அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை.

அட்வைஸர் ஒரு விளக்கம் கொடுத்தார். "சார், நீங்க மலையில ஓட்டுறீங்க. அங்க காத்து மெல்லிசு. சூப்பர்சார்ஜர் டபுளா உழைக்கும். அதான் உள்ள ரோட்டரே தேஞ்சு போச்சு." தலையை ஆட்டினேன். மலையில் காற்று மெல்லிசு என்பது உண்மை. ஊட்டி 2,240 மீட்டர் உயரம், அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஆனால் பெல்ட்டில் சுற்றுகிற சாமானுக்கு ஊட்டியும் ஒன்றுதான், கோவை உக்கடமும் ஒன்றுதான். எஞ்சின் எத்தனை சுற்றோ அதற்கேற்பத்தான் இதுவும் சுற்றும். மெல்லிய காற்றைத் தள்ளுவதால் பளு குறையுமே தவிர ஏறாது. பொய்யில் பாதி உண்மையைக் கலந்து கொடுத்தார், முழுங்கிவிட்டேன்.

புது யூனிட் என்றால் இரண்டரை லட்சத்துக்கு மேல், ரீகண்டிஷன் என்றால் வேலைக்கூலியோடு 1,40,000 என்று வாட்ஸ்அப்பில் எஸ்டிமேட் வந்தது. 75,000 அட்வான்ஸ். பத்து நாள் என்றவர்கள் 24 நாள் இழுத்தார்கள். எடுக்கப் போன அன்று பானெட்டைத் திறந்தால் வெள்ளி மாதிரி பளபளவென்று இருந்தது. எஞ்சின் பூப்போல ஓடியது. "பழைய யூனிட் எங்கே?" என்று கேட்டேன். "அது எக்ஸ்சேஞ்ச்ல போயிடுச்சு சார்." பில் கேட்டதற்கு, ஜி.எஸ்.டி. போட்டால் இன்னும் 25,000 ஆகும் என்று சொல்லி வெள்ளைத்தாளில் தொகையை மட்டும் எழுதிக் கொடுத்தார்கள். அந்தத் தாளை வாங்கியது என் தப்பு. பர்லியார் தாண்டி கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது கண்ணாடியை இறக்கிவிட்டுக் காதைத் தீட்டிக் கேட்டேன். சத்தமே இல்லை. மச்சானுக்கு போன் போட்டு நன்றி வேறு சொன்னேன்!

மூன்று வாரம். 400 கிலோமீட்டர்கூட ஓடியிருக்காது. அதே கூழாங்கல், அதே கடகட.

அதற்குள் பாய் ஷெட்டுக்குத் திரும்பியிருந்தார். கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வண்டியைச் சுற்றி வந்தார். "ஸ்டார்ட் பண்ணுங்க தம்பி" என்றார். கேட்டார். "நிறுத்துங்க." பெல்ட்டைக் கழற்றினார். "இப்ப போடுங்க, அரை நிமிஷம் போதும்." எஞ்சின் மட்டும் ஓடியது. கடகடவும் இல்லை, கீச்சலும் இல்லை. இந்த ஒரு சோதனையிலேயே பாதி வழக்கு முடிந்துவிடும். பெல்ட் இல்லாமல் சத்தம் நின்றால், கோளாறு பெல்ட் சுற்றுகிற ஏதோ ஒன்றில்தான் இருக்கிறது. நிற்காவிட்டால் எஞ்சினுக்குள் தேட வேண்டும். இந்த எஞ்சினில் உள்ளே இருக்கும் டைமிங் செயின் தேய்ந்து நீண்டாலும் குளிரில் ஸ்டார்ட் செய்யும்போது இதுமாதிரிச் சத்தம் வரும். ஒரே எச்சரிக்கை, வாட்டர் பம்பும் அதே பெல்ட்டில்தான் சுற்றுகிறது. அரை நிமிடத்துக்கு மேல் ஓட விடக்கூடாது.

பிறகு ஒவ்வொரு புல்லியையும் கையால் சுற்றச் சொன்னார். பெல்ட்டுக்கு வழிகாட்டும் ஐட்லர் புல்லி சொரசொரவென்று காய்ந்த பேரிங்கில் அரைத்தது. கீச்சல் அதுதான். சூப்பர்சார்ஜர் புல்லி வழுவழுவென்று சுற்றியது. ஆனால் இப்படியும் அப்படியும் ஆட்டினால் உள்ளே எதையும் பிடிக்காமல் கொஞ்ச தூரம் சும்மா போய், 'டக்' என்று இடித்தது. "ரோட்டர் நல்லா இருக்கு. கப்ளர் போச்சு" என்றார். புல்லியின் தண்டையும் ரோட்டர் பல்சக்கரத்தையும் இணைக்கிற சின்ன வட்டம் அது. பின்கள் உட்காரும் ஓட்டைகள் வயசாகித் தேய்ந்தால் இடைவெளி விழும். மிதிக்காமல் நிற்கும்போது, அதாவது ஐடிலில், எஞ்சின் விட்டுவிட்டு இழுப்பதால் பின்கள் தட்டும். வேகம் கூடினால் ஒரே பக்கமாக அழுந்திச் சத்தம் மறையும். நான் கேட்ட சத்தம் அச்சாக இதுதான். ரோட்டரே உரசியிருந்தால் மிதிக்க மிதிக்கச் சத்தம் ஏறியிருக்குமே தவிர இறங்கியிருக்காது.

இங்கேதான் என்மேல் எனக்கே எரிச்சல். ஃபேக்டரியில் இலை வாட்டும் தொட்டிகளின் ஃபேன் பேரிங்கில் நீட்டு ஸ்க்ரூடிரைவரை வைத்து, கைப்பிடியைக் காதில் ஒட்டி, எது போகப் போகிறது என்று சொல்கிறவர்கள் என் பக்கத்து மேஜைக்காரர்கள். இருபது வருடமாகப் பார்த்திருக்கிறேன். ஒருவரைக் கூப்பிட்டு "கொஞ்சம் வந்து கேளுங்கள்" என்று சொல்லவில்லை. பென்ஸுக்கு எதற்கு ஸ்க்ரூடிரைவர் என்ற நினைப்பு.

யூனிட்டைக் கழற்றி பெஞ்சில் வைத்து மூக்குப் பகுதியைத் திறந்தார் பாய். ஓட்டைகள் முட்டை வடிவத்தில் இருந்தன. உள்ளே ஊற்றியிருந்தது லாரி கியர்பாக்ஸுக்குப் போடுகிற கெட்டி ஆயில். அந்தக் கெட்டித்தனம்தான் மூன்று வாரம் சத்தத்தை அமுக்கி வைத்திருந்தது. இந்தப் பல்சக்கரங்கள் எஞ்சினைவிட வேகமாகச் சுற்றுபவை. அவற்றுக்கென்று உள்ள மெல்லிய சிந்தெடிக் ஆயில்தான் ஊற்ற வேண்டும்.

அப்புறம் கேஸிங்கின் ஓரத்தைக் கட்டைவிரலால் தடவியவர், தின்னரில் நனைத்த துணியை எடுத்துத் துடைத்தார். வெள்ளிப் பெயின்டுக்கு அடியில் அருகருகே இரண்டு பஞ்ச் புள்ளிகள்.

"இது நான் வெச்ச பொட்டு தம்பி."

2021இல் காற்று கசிகிறது என்று கேஸ்கெட் மாற்ற இதே யூனிட்டை அவர்தான் இறக்கினார். திரும்ப மாட்டும்போது நேர் பார்க்க கேஸிங்கில் இரண்டு, பிராக்கெட்டில் இரண்டு என்று சென்டர் பஞ்சால் அடித்து வைத்திருக்கிறார். பிராக்கெட்டைப் பார்த்தோம், அங்கேயும் இரண்டு. வைத்துப் பார்த்தால் நேருக்கு நேர் நின்றது. என் தலையில் எவ்வளவு மிளகாய் அரைத்திருக்கிறார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது.

அந்த இடத்திலேயே வீடியோ எடுத்தேன். பெயின்டைத் துடைப்பதற்கு முன்பே எடுத்திருக்க வேண்டும். பாதியில்தான் புத்தி வந்தது. ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்பினேன். முதல் நாள் "எல்லா யூனிட்லயும் அப்படி மார்க் இருக்கும்" என்றார்கள். இரண்டாம் நாள் "சப்ளையர் எங்களை ஏமாத்திட்டான்" என்றார்கள். மூன்றாம் நாள் போனை எடுக்கவில்லை. வக்கீல் நோட்டீஸ் போன பிறகு 40,000 தருகிறேன், பதிவு எதுவும் போடக்கூடாது என்று தூது வந்தது. வாங்கவில்லை.

2019ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் ஒரு நல்ல விஷயம், கடை கோவையில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். அதனால் ஊட்டியில் இருக்கும் மாவட்ட ஆணையத்தில் போட்டிருக்கிறேன். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். என்னிடம் பில் இல்லை என்பது பலவீனம்தான். ஆனால் பணம் முழுக்க ஜிபேயில் போனது, எஸ்டிமேட் வாட்ஸ்அப்பில் இருக்கிறது, "வெளியூர் யூனிட்" என்று அவர்களே அனுப்பிய குரல் பதிவும் இருக்கிறது. ரொக்கமாகக் கொடுத்திருந்தால் வெறும் வாய்ப்பேச்சுதான். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்கும் பேசினேன், புகாரைப் பதிவு செய்துகொண்டார்கள்.

வண்டியை விடும்போதே "கழற்றிய சாமான் எல்லாம் எனக்கு வேண்டும்" என்று எஸ்டிமேட்டிலேயே எழுதி வாங்குங்கள். எக்ஸ்சேஞ்ச் என்றால் கொடுப்பதற்கு முன் கண்ணில் காட்டச் சொல்லுங்கள். பெரிய பாகம் எதுவானாலும் கழற்றும் முன் நீங்களே ஒரு கீறல் போட்டுப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எங்கே போட்டீர்கள் என்று அவர்களிடம் சொல்லாதீர்கள். முக்கியமாக, "பெல்ட்டைக் கழற்றிப் பார்த்தீர்களா?" என்று கேளுங்கள். பதிலுக்கு ஸ்கேனர் தாளை நீட்டினால் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.

பாய் வேலைக்கு எவ்வளவு ஆனது என்று கேட்பீர்கள். கப்ளர், ஐட்லர் புல்லி, புது பெல்ட், சரியான ஆயில், கூலி எல்லாம் சேர்த்து 13,600. கப்ளர் தபாலில் வர 16 நாள் ஆனது. இப்போது காலையில் ஸ்டார்ட் செய்தால் சூப்பர்சார்ஜரின் மெல்லிய ஊளை மட்டும் கேட்கிறது. அது இயல்பானது, அதற்குப் பயப்பட வேண்டாம். பழைய கப்ளரும் அந்தக் கெட்டி ஆயிலும் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் மூடி என் அலமாரியில் இருக்கின்றன. அடுத்த வாய்தாவுக்கு எடுத்துப் போக வேண்டும்.