அம்மாவை யார் பார்ப்பது: நாமா, ஆளா, இல்லமா?

பக்கவாதம் வந்து அம்மா படுத்தபோது வீட்டில் எல்லோரும் சொன்னது, நாமே பார்த்துக்கொள்வோம் என்பதுதான். அந்த 'நாமே' ஒரே வாரத்தில் அண்ணி ஒருவராகச் சுருங்கிவிட்டது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், ராத்திரியிலும். மூக்கு டியூப் வழியாகக் கஞ்சி ஊற்றும்போது தலைப்பக்கம் உயர்ந்திருக்க வேண்டும், ஊற்றிய பிறகும் அரை மணி நேரமாவது அப்படியே வைக்க வேண்டும், இல்லாவிட்டால் கஞ்சி மேலேறி நுரையீரலுக்குள் போய்விடும். இதற்கு நடுவே டயப்பர், துணி, சமையல். இடுப்பு வலியில் அண்ணி ஒருநாள் அம்மாவிடம் கத்திவிட்டு, பின்கட்டில் போய் அழுதார். பாசம் குறைந்து கத்தவில்லை, தூக்கம் இல்லை.

அப்புறம்தான் ஏஜென்சி மூலம் ஆள் வைத்தோம். வந்த முதல் நாளே அந்த அக்கா அம்மாவை ஒருக்களித்துப் போட்டு, முதுகுத்தண்டின் அடியில் காசு அளவுக்கு இருந்த சிவப்பை விரலால் அமுக்கிக் காட்டினார். அமுக்கியும் அந்தச் சிவப்பு வெளுக்கவில்லை. அதுதான் படுக்கைப்புண்ணின் ஆரம்பம். ஏர் பெட் இருக்கிறதே என்று நாங்கள் ராத்திரி புரட்டுவதை விட்டிருந்தோம். ஏர் பெட் போட்டாலும் புரட்டத்தான் வேண்டும். ஆள் வைப்பதிலும் கஷ்டம் உண்டு: வேற்று ஆள் துடைத்துவிடுகிறாரே என்று அம்மா முதல் வாரம் முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டே இருந்தார், பழகி வரும்போது ஏஜென்சி ஆளை மாற்றிவிட்டது. டியூப் மாற்ற அட்டெண்டர் போதாது, நர்ஸ் வேண்டும். 24 மணி நேர ஆள் என்றாலும் அவரும் தூங்கத்தானே வேண்டும்?

முதியோர் இல்லத்தில் சேர்ப்பவர்களைத் தயவுசெய்து திட்டாதீர்கள். ஒற்றை ஆளாக வேலைக்கும் போய்க்கொண்டு பார்ப்பவருக்கு வேறு வழி இல்லாமல் போகலாம். ஆனால் படுத்த படுக்கையாக இருப்பவர்களைச் சேர்த்துக்கொள்ளாத இல்லங்களும் உண்டு, ராத்திரி எத்தனை பேருக்கு எத்தனை ஆள் என்று கேட்காமல் பணம் கட்டாதீர்கள்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைச் சொல்லி வையுங்கள். தமிழக அரசு 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி, வலி தணிப்பு சிகிச்சை தருகிறார்கள், செலவில்லை.

என்னைக் கேட்டால் பகலுக்கு ஆள், ராத்திரிக்கு வீட்டு ஆண்கள். இப்போது நானும் அண்ணனும் முறை வைத்து அலாரத்தோடு அம்மா பக்கத்தில் படுக்கிறோம். எட்டு மாதத்துக்கு அப்புறம் போன வாரம்தான் அண்ணி அவங்க அம்மா வீட்டில் இரண்டு நாள் தங்கிவிட்டு வந்தார்.