தோஹாவுலயே தங்கறதா, துபாய்ல தங்கி பறந்து பறந்து போறதா?

கத்தார்ல நடந்த 2022 ஃபுட்பால் வேர்ல்ட் கப்புக்கு டிக்கெட் கைக்கு வந்ததும் எங்க வீட்ல நடந்த பெரிய பஞ்சாயத்தே இதுதான். நான் தோஹாவுலயே ஃபேன் வில்லேஜ்ல (ரசிகர்கள் தங்கறதுக்கு தற்காலிகமா அமைச்ச இடம்) ஒரு கேபின் புக் பண்ணேன், என் மாமா பையன் துபாய்ல தேரா பக்கம் ஹோட்டல் புக் பண்ணிட்டு மேட்ச் டே ஷட்டில் ஃப்ளைட்ல வந்துட்டு போனான். நான் தோஹா கட்சி, முன்னாடியே சொல்லிடறேன். துபாய் கதை முழுக்க அவன் புலம்பினதை வச்சு எழுதறதுதான்.

துபாயோட ப்ளஸ் எல்லாம் ஊருக்கே தெரிஞ்சதுதான். ரூம்னா அது ரூம். ஹய்யா கார்டு (மேட்ச் பார்க்க வர்றவங்களுக்கு கத்தார் குடுத்த ரசிகர் அடையாள அட்டை) வச்சிருந்தா அப்போ 100 திர்ஹாம்ல மல்டிபிள் என்ட்ரி விசா கிடைச்சுது, மேட்ச் இல்லாத நாள்ல சுத்தறதுக்கு இடம், பீர் பிரச்சனை கிடையாது (கத்தார்ல போட்டி ஆரம்பிக்க ரெண்டு நாள் இருக்கும்போது ஸ்டேடியத்துக்கிட்ட பீர் விக்க மாட்டோம்னுட்டாங்க). என் கேபின் ஒரு ராத்திரிக்கு கிட்டத்தட்ட 200 டாலர், அதுக்கு ரெண்டு கட்டில், ஒரு குட்டி ஃபிரிட்ஜ், பக்கத்து கேபின்காரர் தும்முனா நான் எந்திரிச்சு உக்கார்ற மாதிரி ஒரு சுவர். இதுல துபாய்தான் ஜெயிச்சுது.

ஆனா மேட்ச் முடிஞ்சு எத்தனை மணிக்கு தலை சாய்க்கறோம்ங்கறதை யாரும் கணக்குல எடுக்கறதில்ல, எனக்கு எல்லாமே அதுலதான் முடிவாச்சு. நவம்பர் 26, சனிக்கிழமை, அர்ஜென்டினா - மெக்சிகோ, லுசைல் ஸ்டேடியம், ராத்திரி 10 மணி ஆட்டம். 64-வது நிமிஷம் மெஸ்ஸி தரையோட தரையா அடிச்ச கோல், 88,000 பேருக்கு மேல இருந்த கூட்டம், சத்தத்துல காது அடைச்சுப்போச்சு. முடியும்போது நடுராத்திரி. வெளிய வந்தா நேரா ஸ்டேஷனுக்கு விட மாட்டாங்க, தடுப்பு போட்டு பாம்பு மாதிரி சுத்தவிட்டு சுத்தவிட்டுதான் அனுப்புவாங்க, உயரமான நாற்காலில உக்காந்து பெரிய ஃபோம் கையை ஆட்டிக்கிட்டு ஒருத்தர் மைக்ல "மெட்ரோ?"ன்னா மொத்த கூட்டமும் "திஸ் வே!"ன்னு கத்துது. முக்கால் மணி நேரம் நடை, அப்புறம் மெட்ரோ ரெட் லைன். அப்போ ராத்திரி 3 மணி வரைக்கும் ட்ரெயின் ஓடுச்சு, ஹய்யா கார்டு இருந்தவங்களுக்கு ஃப்ரீ. ரெண்டேகாலுக்கு நான் படுத்துட்டேன்.

அவன்? அதே கூட்டத்துல நின்னு, அப்புறம் ஏர்போர்ட் பஸ், அங்க இன்னொரு க்யூ, விடியக்காலை ஃப்ளைட். பறக்கற நேரம் ஒண்ணேகால் மணிதான், ஆனா துபாய் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னாடி ஓடுது, இறங்கினதோ ஜெபல் அலி பக்கம் இருக்கற அல் மக்தூம் ஏர்போர்ட்ல, தேரா போக இன்னும் ஒரு மணி நேரம் கார். ரூம் கதவைத் திறக்கும்போது மணி ஏழரையாம், கீழ பிரேக்ஃபாஸ்ட் ஆரம்பிச்சிருந்துச்சாம். அன்னிக்கு முழுக்க தூக்கம், அந்த நல்ல ரூமுக்கு குடுத்த காசு பகல்ல தூங்கறதுக்குத்தான் போச்சு.

இன்னொண்ணு, தோஹாவுல இருந்தா ஒரே நாள்ல ரெண்டு மேட்ச். அதே 26-ஆம் தேதி சாயங்காலம் 4 மணிக்கு எஜுகேஷன் சிட்டில போலந்து - சவுதி பார்த்துட்டேன், போலந்து கோல்கீப்பர் ஷ்டெஸ்னி பெனால்டி பிடிச்சது, அவங்க ஸ்ட்ரைக்கர் லெவன்டோஸ்கியோட முதல் வேர்ல்ட் கப் கோல், எல்லாம் நேர்ல. அங்கேர்ந்து க்ரீன் லைன், முஷைரிப் ஸ்டேஷன்ல மாறி ரெட் லைன், நடுவுல ஒரு கரக் சாயா குடிக்கவும் நேரம் இருந்துச்சு. அந்த 8 ஸ்டேடியத்துல 5-க்கு மெட்ரோலேர்ந்து நடந்தே போயிட முடிஞ்சுது. அல் பைத், அல் துமாமா, அல் ஜனூப் மூணுக்கும் பஸ் மாற வேண்டியிருந்துச்சு.

காசு கணக்கு சுமாராத்தான் போட்டேன், ஒரே ஒரு மேட்ச்னா துபாய் கட்டுப்படியாகும், ரெண்டாவது ஃப்ளைட் டிக்கெட் எடுக்கும்போதே கேபின் பரவால்லன்னு ஆயிடும். குழந்தைகளோட போறவங்களுக்கு எப்படின்னு சொல்ற அளவுக்கு எனக்கு அனுபவம் இல்ல, அந்த சுவரை நினைச்சா கேபின் போடுங்கன்னு சொல்ல வாய் வரல. தோஹாவுல சொந்தக்காரங்க வீடு இருந்திருந்தா இந்த பேச்சுக்கே வேலை இருந்திருக்காது, ஹய்யால அவங்க அட்ரஸை பதிஞ்சுட்டு அங்கயே தங்கியிருக்கலாம்.

30-ஆம் தேதி 974 ஸ்டேடியத்துல அர்ஜென்டினா - போலந்து, அதுவும் ராத்திரி 10 மணி ஆட்டம். 28-ஆம் தேதியே மாமா பையன் போன் பண்ணி கேட்டான், உன் கேபின்ல ரெண்டாவது கட்டில் காலியாதானே இருக்குன்னு.